பிரான்ஸ், வழி அவலூர்பேட்டை

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் காலையில் டவுன் பஸ் ஏறி, பிரான்ஸ் தேசத்துக்குப் போய், அங்கே ஒரு பெரிய விஞ்ஞானியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பூலோகத்தில் எந்த லைப்ரரியிலும் கிடைக்காத ஒரு கட்டுரையை வாங்கிக்கொண்டு, மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பியவன் இந்த ஜெயராமன். முன்னாள் கண்டக்டர் என்று ஓசியிலும் போகவில்லை. போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட், முறையாக எடுத்தேன்.

இதைச் சொன்னதும் டீக்கடை சைபுதீன் உடனே நம்பினான். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர்கள் நம்பினார்கள். ராஜகிரிக் கோட்டை உச்சியில் கிடக்கிற பீரங்கிக்குக் காது இருந்தால் அதுவும் நம்பியிருக்கும். நம்பாத ஜீவன் ஒன்றே ஒன்று. அது என் வீட்டிலேயே இருந்தது. என் மகள் வெண்மதி.

அவளைக் குற்றம் சொல்லமுடியாது. அவள் வேலையே நம்பாமல் இருப்பதுதான். பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். மிச்ச நேரத்தில் பி.எச்டி. செஞ்சி வட்டாரத்துக் கிணறுகளில் தண்ணீர் எப்படிக் கீழே போனது என்று ஆராய்ச்சி.

"ஏம்மா, உனக்கு வேற எதுவும் கிடைக்கலியா? கிணறுதானா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உன் நைனா, என் தாத்தா, எத்தனை கிணறு வெட்டினாரு?"

"கூலிக்கு வெட்டினது கணக்கே இல்ல. அவலூர்பேட்டை வரைக்கும் வெட்டியிருக்காரு."

"அதுல நம்முளுது எத்தனை?"

நான் வாயை மூடிக்கொண்டேன். சரித்திரத்தில் நான் வாயை மூடியதாகப் பதிவான முதல் சம்பவம் அது. இரண்டாவது பின்னால் வருகிறது.

அவள் எழுதி முடித்துக் கொடுத்த ஆய்வேடு திரும்பிவந்தது. தேர்வாளர் ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார். மூன்றாம் அத்தியாயம் முழுக்க 'ஏ. தனசேகரன்' என்பவரின் கட்டுரை ஒன்றின் மேல் நிற்கிறது. ஆய்வாளர் அந்த மூலக் கட்டுரையைக் கண்ணால் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்துத் திருத்தவும், இல்லையென்றால் அத்தியாயத்தையே எடுத்துவிடவும். வெள்ளிக்கிழமைக்குள். ஏற்கெனவே ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனிமேல் கிடையாது. மூன்றாம் அத்தியாயம் போனால் நாலும் அஞ்சும் தானாக விழும். அப்புறம் பதிவே ரத்து.

"படிக்காமயா எழுதின?" என்றேன்.

"படிச்சவங்க எழுதினதைப் படிச்சேன் நைனா."

"அவங்க படிச்சாங்களா?"

வெண்மதி லேப்டாப்பைத் திறந்தாள். அவள் படித்த புத்தகத்தின் கடைசியில் பார்த்தாள். அந்த ஆசிரியர் இன்னொரு கட்டுரையைக் கைகாட்டியிருந்தார். அதைத் திறந்தால் அது வேறொன்றைக் கைகாட்டியது. எங்கள் டெப்போவில் ஒருத்தன் "நாளைக்கு ஸ்ட்ரைக்காம்" என்பான். சாயந்திரத்துக்குள் திண்டிவனம் வரை ஸ்ட்ரைக் உறுதியாகிவிடும். முதலில் சொன்னவன் யார் என்று ஒருத்தனும் கேட்கமாட்டான். படித்தவர்கள் ஊரிலும் அதே டெப்போதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"எல்லாரும் சொல்ற ஒரே சேதி, கிணத்துல தண்ணி ரெண்டு மடங்கு ஆழத்துக்குப் போயிடுச்சுன்னு" என்றாள். "தனசேகரன் சொன்னாருன்னு சொல்றாங்க. தனசேகரனை ஒருத்தரும் பார்த்த மாதிரியே தெரியல."

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் உட்காரவில்லை. பல்கலைக்கழக லைப்ரரிக்கு அந்தக் கட்டுரை வெளியான பத்திரிகையே வருவதில்லை. இணையத்தில் தலைப்பு மட்டும் தெரிந்தது, உள்ளே போக டாலர் கேட்டது; டாலர் கொடுத்தாலும் அந்த வருஷத்து இதழ் ஏற்றப்படவில்லை என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு லைப்ரரியில் இருக்கிறது என்று விடியற்காலை பஸ் பிடித்து ஓடினாள். அலமாரியில் அந்த வருஷம் மட்டும் பொக்கைவாய் மாதிரி இடைவெளி. பைண்டிங்குக்குப் போயிருக்கிறதாம். தனசேகரனுக்கே எழுதிவிடலாம் என்று பழைய முகவரி இரண்டைத் தேடிப்பிடித்து ஈமெயில் போட்டாள். ஒன்று போன வேகத்தில் திரும்பிவந்தது. இன்னொன்று கிணற்றில் போட்ட கல்.

அவள் அடுப்படியிலிருந்து வாசலுக்கு நடப்பாள். நான் வாசலிலிருந்து அடுப்படிக்கு நடப்பேன். நடுக்கூடத்தில் இரண்டு பஸ் மாதிரி ஒதுங்கி வழிவிட்டுக்கொள்வோம்.

"அவ நடக்கறதுக்கு அர்த்தம் இருக்குது. நீ இன்னாத்துக்கு நடக்கற?" என்றாள் என் மனைவி கலைச்செல்வி.

"ஆயுசு பூரா நின்னுக்கிட்டே சம்பாதிச்சவன்டி. உட்கார்ந்தா எனக்கு மூச்சு முட்டுது."

சும்மா நடந்தால் போதுமா? நானும் ஆராய்ச்சியில் இறங்கினேன். பஜாரில் உஸ்மானின் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அவனுடைய கம்ப்யூட்டரில் கிணறு, செஞ்சி, ஆழம் என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன். கப்பென்று ஒரு கட்டுரை வந்தது. அதே தலைப்பு மாதிரி, அதே இரண்டு மடங்கு, போதாதற்கு கலரில் படம். பிரிண்ட் எடுத்துச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு நான் ஓடிய வேகத்தில் எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மலையே ஒரு அடி தள்ளி நின்று வழிவிட்டது.

வெண்மதி இரண்டு நிமிஷம் புரட்டினாள்.

"நைனா, இந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர் குழு யாருன்னு போட்டிருக்குதா?"

"போடாட்டி இன்னா? படம் எவ்ளோ தெளிவா இருக்குது பாரு."

"இதே இதழ்ல இருதய ஆபரேஷன் இருக்குது, எம்ப்ராய்டரி இருக்குது, கிணறும் இருக்குது. காசு கொடுத்தா எதை வேணும்னாலும் போடுவாங்க. இந்தாளு எந்தக் கிணத்தை அளந்தான், எப்ப அளந்தான், ஒரு வரி இல்ல. இந்தப் படத்துல இருக்கறது தென்னந்தோப்பு நைனா, நம்ம ஊரே இல்ல."

"நம்பவே மாட்டியா நீ?"

"சொல்றது யாரு, நேர்ல பார்த்தாரா, இதைச் சொல்றதுல அவருக்கு இன்னா லாபம், சம்பந்தமில்லாத இன்னொருத்தர் அதையே சொல்றாரா. இதெல்லாம் பார்த்துட்டுத்தான் நம்புவேன்."

"அப்ப நான்?"

"நீ நாலுலயும் ஃபெயில்" என்றாள். அடுப்படியில் கலைச்செல்வி சிரித்த சிரிப்பு சிங்கவரம் வரை கேட்டிருக்கும்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செத்தை மாதிரிப் பற்றிக்கொண்டது. அவள் மேசையில் ஒட்டிவைத்திருந்த தலைப்பை மறுபடி படித்தேன். அவலூர்பேட்டை சுற்றுப்புறக் கிணறுகள் என்று அதில் இருந்தது. எழுதியவர் ஏ. தனசேகரன். ஏ!

"வெண்மதி! 'ஏ'ன்னா அவலூர்பேட்டை! சில ஊர்ல அப்பன் பேருக்குப் பதிலா ஊர் பேரை இனிஷியலாப் போடுவாங்க இல்ல? தனசேகரன் உள்ளூர்க்காரன்!"

"நைனா, அவரு வெளிநாட்டு யுனிவர்சிட்டில இருக்கறவரு."

"வெளிநாட்டுக்குப் போனவன் வானத்துலேருந்தா குதிச்சான்? அவனுக்கு ஒரு வீடு இருக்கும், வாசல் இருக்கும்."

"டென்ஷன் பண்ணாதே. எனக்கு மெயில் வரும்" என்றாள். ஆனால் குரலில் தெம்பில்லை. அன்றைக்கு செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், அமாவாசை. மறந்தே போயிருந்தேன். மேல்மலையனூர் கோயிலுக்குத் தமிழ்நாடே செஞ்சி வழியாகக் கிளம்பியிருந்தது. ஓடுகிற பஸ்ஸெல்லாம் ஸ்பெஷல் பஸ், அவலூர்பேட்டை போர்டு கண்ணில் படவே இல்லை. ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்கு ஓடினேன், டிரைவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், இறங்கி வந்து பிளாட்பாரத்தை அளந்தேன். கடைசியில் ஒரு டவுன் பஸ் முக்கிக்கொண்டு வந்தது. அதில் ஏறியவர்களை இறக்கி வரிசையில் நிற்க வைத்திருந்தால் வால் விழுப்புரத்தில் இருந்திருக்கும். எனக்கு ஒரு கால் வைக்கத்தான் இடம், இன்னொரு கால் வழியிலிருக்கிற வளத்தி ஊர் வரை அந்தரத்தில் வந்தது. சின்னப் பையன் கண்டக்டர், பாவம், வாயே திறக்கவில்லை. என்னால் பொறுக்க முடியுமா? "படியில நிக்காதே! உள்ள போ, உள்ள போ! பையைத் தூக்கி மேல வை!" என்று நானே ஊர் போய்ச் சேரும் வரை வண்டியை நடத்தினேன்.

அவலூர்பேட்டையில் இறங்கி, "புரொபசர் தனசேகரன் வீடு எது?" என்று டீக்கடையில் கேட்டேன்.

"புரொபசரா? ஆடு பிடிக்கற தனசேகரன் இருக்காரு. மல்லாட்டை மண்டி தனசேகரன் இருக்காரு. எது வேணும்?"

நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஆட்டுக்காரரிடம் முதலில் போனேன். "கட்டுரையா? எவ்ளோ கிலோ வரும்?" என்றார். வந்த வழியே திரும்பினேன்.

மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே பெரியவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து மல்லாட்டையை உரித்து உரித்து நாக்கில் போட்டு ருசி பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி, முண்டா பனியன், தோளில் துண்டு. மேதைகள் எளிமையாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்து இரண்டு கையையும் குவித்தேன்.

"வணக்கம் புரொபசர்!"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சாக்கு மூட்டைதான் இருந்தது.

"என்னையா சொல்றீங்க?"

"கிணத்தை அளந்து கட்டுரை எழுதின தனசேகரன் நீங்கதானே?"

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். உரித்த பருப்பு மடியிலிருந்து கொட்டியது. "நான் எட்டாவது ஃபெயிலுங்க. கிணத்தை அளந்தது என் பொண்ணு அன்புக்கரசி. நான் கயிறு பிடிச்சேன். சுத்துப்பட்டுல ஒரு கிணறு பாக்கியில்ல. பாஸ்போர்ட்டுக்கு முழுப் பேரு கேட்டாங்கன்னு அவ பேருக்குப் பின்னாடி என் பேரைப் போட்டோம். அங்க பின்னாடி இருக்கறதுதான் குடும்பப் பேராம். அன்னிலேருந்து அவ எழுதறதெல்லாம் என் பேர்ல ஓடுது. கயிறு பிடிச்சவனுக்கு வந்த யோகத்தைப் பாருங்க!"

ஏ என்றால் அவலூர்பேட்டை இல்லை, அன்புக்கரசி. அதனால் என்ன? தப்பான டிக்கெட்டை வைத்துக்கொண்டு சரியான ஊரில் இறங்குகிற சாமர்த்தியம் எத்தனை பேருக்கு வரும்?

என் மகளின் கதையை ஒரே மூச்சில் கொட்டினேன். பெரியவர் துண்டில் கையைத் துடைத்துவிட்டு மடியிலிருந்து டச் போனை எடுத்தார். "பிரான்ஸ்ல இப்பத்தான் விடியுது. திட்டுவா. பரவால்ல."

திரையில் ஒரு அம்மாள், தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு. "இன்னா நைனா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு இன்னா? செஞ்சியிலேருந்து ஒருத்தர் வந்து என்னைப் புரொபசர்ன்றாரு!"

போன் என் கைக்கு வந்தது. நான் பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் பிரெஞ்சிலேயே பேசினேன் என்றுதான் சொல்வேன். வெள்ளிக்கிழமை என்றேன், மூன்றாம் அத்தியாயம் என்றேன், பைண்டிங்குக்குப் போன இதழ் என்றேன். அன்புக்கரசியின் கண்ணில் தூக்கம் போய்விட்டது.

"அந்த ரெண்டு மடங்கையா எடுத்திருக்காங்க?" என்று கேட்டார். "ஐயோ. எல்லாரும் அதைத்தாங்க எடுக்கறாங்க. கீழ நான் எழுதினதை ஒருத்தரும் படிக்கறதில்ல. ஈமெயில் சொல்லுங்க."

என் பென்ஷன் சமாச்சாரமெல்லாம் வெண்மதியின் ஈமெயிலுக்குத்தான் வருகிறது. அதனால் எனக்கு அது மனப்பாடம். ஸ்டாப்பிங் பேர் கூவுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கூவினேன். மண்டியில் மூட்டை தூக்கியவர்கள் நின்று கேட்டார்கள். பெரியவர் வரவழைத்த டீயில் ஆவி அடங்குவதற்குள், "அனுப்பிட்டேன்" என்று பிரான்ஸ் சொன்னது.

ஒரு பை நிறைய மல்லாட்டையோடு வீட்டுக்குள் பாய்ந்தேன். வெண்மதி லேப்டாப் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நைனா! மெயில் வந்துடுச்சு! கட்டுரையே வந்துடுச்சு!"

"வராம? நான்தானே பிரான்ஸ் போய்..."

"இன்னா?"

நடந்ததைச் சொன்னேன். நடந்ததை மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளோ என்னவோ. பிரான்ஸ் ஜன்னலில் பனி பெய்ததையும், அந்தம்மாள் எனக்கு அந்த ஊர் காபி ஆற்றிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"நைனா, அது நான் போட்ட மெயிலுக்கு வந்த பதிலு. நீ அவலூர்பேட்டை போனே, மல்லாட்டை வாங்கினே, வந்துட்டே."

"உன் மெயிலுக்குப் பதிலா? கீழ உன் மெயில் இருக்குதா பாரு."

பார்த்தாள். இல்லை. "பழைய அட்ரஸ்லேருந்து புதுசுக்குப் போயிருக்கும். அதனால புது மெயிலா வந்திருக்குது." அந்தக் கடிதம் இரண்டே வரி. 'கேட்ட கட்டுரை இணைப்பில். அட்டவணைக்குக் கீழுள்ள குறிப்பைத் தவறாமல் படிக்கவும்.' அதில் ஜெயராமன் இல்லை, டவுன் பஸ் இல்லை. என்னிடம் இருப்பதோ பட்டன் போன், ஒரு போட்டோகூடக் கிடையாது. சாட்சிக்கு மல்லாட்டை மட்டும்தான், அதுவும் அவள் கட்சிக்குப் பேசியது.

அப்புறம் அவள் அந்தக் குறிப்பைப் படித்தாள். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு நாளாக அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னாடி ஆச்சு?" என்று கலைச்செல்வி ஓடிவந்தாள்.

"பழைய அளவு வேற யாரோ மார்கழியில எடுத்ததும்மா. மழை முடிஞ்சு கிணறு ரொம்பி இருந்தப்ப. இவங்க அளந்தது சித்திரையில. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடக் கூடாதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. ரெண்டு மடங்குன்னு இவங்க சொல்லவே இல்ல. எல்லாரும் அட்டவணையை மட்டும் பார்த்துட்டு அவங்களே கணக்குப் போட்டுக்கிட்டாங்க. நானும்தான்."

கட்டுரை கிடைத்தது, அத்தியாயம் போயிற்று. பிரான்ஸ் வரை போய் மகளின் தலையில் நானே கல்லைத் தூக்கிப்போட்டேனா? வாசலுக்கும் அடுப்படிக்கும் தனியாக நடந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்தாள். "நைனா, குறுக்க நடக்காதே. நான் எழுதணும்."

பள்ளிக்கூடத்து லீவை இன்னும் நீட்டிவிட்டு எழுதினாள். தண்ணீர் இரண்டு மடங்கு கீழே போன கதையை எடுத்துவிட்டாள். போகவில்லை என்றும் எழுதவில்லை. யார், எந்த மாசத்தில், எந்தக் கிணற்றை அளந்தார்கள் என்று தெரியாமல் எத்தனை பேர் ஒரே எண்ணைக் கைமாற்றினார்கள் என்று எழுதினாள். போன வருஷம் சித்திரையில் அவளே போய் அளந்துவந்த கிணறுகளை, அன்புக்கரசியின் சித்திரை அளவோடு மட்டும் சேர்த்துவைத்தாள். வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தது. வழியில் அவள் ஏறிய பஸ்ஸை நான் பின்னாலிருந்து தள்ளினேன் என்றும் ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. அதை நான் மறுப்பதில்லை.

சில மாசம் கழித்து வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது அதன் சட்டம். அந்தச் சட்டம் எனக்காகவே போட்டது. வெண்மதி ஒரு நிபந்தனையோடு கூட்டிப்போனாள். "வா நைனா. ஆனா வாயைத் திறக்கக் கூடாது. பிரான்ஸ் பேச்சு வரவே கூடாது."

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒருபக்கம் கலைச்செல்வி, ஒருபக்கம் சைபுதீன். சுவரில் பெரிய திரை. வெளியூரில் இருப்பவர்கள் அதில் தெரிந்தார்கள். நன்றிக்காக வெண்மதி அன்புக்கரசிக்கும் இணைப்பு அனுப்பியிருந்தாள். இந்தத் தடவை அந்தம்மாள் தலைவாரி உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் கேள்வி மேல் கேள்வியாகப் போட்டார். வெண்மதி அசரவில்லை. கடைசியில் அவர் பேனா மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு சொன்னார். "மூணாவது அத்தியாயம்தான் இதுல முக்கியம். எல்லாரும் கேள்விப்பட்டதை எழுதியிருக்காங்க, நீங்கதான் மூலத்தைப் படிச்சிருக்கீங்க. எனக்கே அது கிடைக்கலம்மா. எப்படிக் கிடைச்சுது? அதையும் ஆய்வேட்டுல சேர்க்கணும். நாளைக்குச் சரிபார்க்கறவங்களுக்கு வழி தெரியணும் இல்ல? அதைச் சொல்லிட்டா கையெழுத்துப் போட்டுடறேன்."

"கட்டுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன் சார். அனுப்பினாங்க."

நான் எழுந்துவிட்டேன். கலைச்செல்வி சட்டையைப் பிடித்து இழுத்தாள், உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். சைபுதீன் என் தொடையில் கிள்ளினான். செஞ்சிக் கோட்டை மொத்தத்தையும் வாயில் அடக்கிவைத்திருக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை. இதுதான் நான் சொன்ன அந்த இரண்டாவது சம்பவம்.

திரையிலிருந்து குரல் வந்தது. "மன்னிக்கணும், நான் அன்புக்கரசி பேசறேன். வெண்மதி, கட்டுரை கேட்டு உங்க மின்னஞ்சல் எதுவும் எனக்கு வரலியேம்மா. அந்த அட்ரஸெல்லாம் விட்டு ரொம்ப காலமாச்சு. என் நைனாவோட போன்ல ஒரு கண்டக்டர் பேசினாரு. மண்டியே அதிர்ற மாதிரி உங்க ஈமெயிலைக் கூவினாரு. அவரு உங்க நைனா இல்லையா?"

மண்டபம் முழுக்க யாரைத் தேடுவது என்று தெரியாமல் திரும்பியது. வரிசைகளில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்தன்தான்.

வெண்மதி என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சம்பந்தமில்லாத இன்னொரு ஆள், நேரில் கேட்டவர், சொல்வதில் ஒரு லாபமும் இல்லாதவர். அவளுடைய பரீட்சை எல்லாவற்றிலும் அந்தம்மாள் பாஸ்.

"திருத்திக்கறேன் சார்" என்றாள். "மின்னஞ்சல்னு நான் சொன்னது தப்பு. சரிபார்க்காம சொல்லிட்டேன். அந்தக் கட்டுரையை எங்க நைனா செஞ்சியில டவுன் பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தாரு."

"பிரான்ஸுக்கா?" என்றார் தேர்வாளர், பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி.

"ஆமா சார்" என்றாள் என் மகள். "அவலூர்பேட்டை வழியா. பனி பெய்யல, காபி கொடுக்கல. ஆனா போனாரு சார். நடந்ததுதான்."